பதினெட்டு ராணிகளுக்கு நான் அனுப்பிய வாட்ஸ்அப்

காந்திபுரத்தில் ஒரு கடை மாடியில் ஞாயிறுதோறும் நாங்கள் நடத்தும் இலவச பைத்தான் வகுப்பில், குரூப் போட்டோ எடுத்த அன்றுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. முப்பது பேரில் ஸ்டெல்லா மட்டும்தான் பெண். "என்னைய நடுவுல நிறுத்தாதீங்கடா. கடத்திட்டு வந்தாப்ல இருக்கு" என்றாள்.

கோவை மகளிரை கோடிங்குக்கு அழைத்து வரப் பிறந்தவன் நான்தான் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். (மகளிர் யாரும் கேட்கவில்லை.)

பெண்களுக்கென்று தனி விண்ணப்பப் படிவம் வெளியிட்டதில் பதினெட்டு பேர் சேர்ந்தார்கள். எண்களை அள்ளி 'கோடிங் ராணிகள்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, ஆவேசமாகத் தட்டினேன்: "ஹாய் ராணிகளே! கூச்சம் வேண்டாம். அப்பா தடுத்தால் பயப்படாதீர்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்." கடைசியில் ஊதா நிறத்தில் ஓர் இதயம்.

பத்தாவது நிமிடம் முதல் ராணி வாய் திறந்தார். டி.பி.யில் பெரிய மீசை, பின்னால் விசைத்தறி.

"ஏனுங்க தம்பி, எப்படிங்க பாத்துக்குவீங்க?"

கருமத்தம்பட்டி சுப்பிரமணியம். அடுத்தடுத்து மற்ற மீசைகளும் வணக்கம் வைத்தன. பதினெட்டு எண்களும் அப்பாக்களுடையவை. சுப்பிரமணியத்தின் மகள் திவ்யா ஒரு மாதம் கெஞ்சி வாங்கிய அனுமதி அன்றைக்கே ரத்தானது.

இந்தக் காலத்திலும் அப்பா நம்பரையா கொடுப்பார்கள் என்று ஸ்டெல்லாவிடம் சலித்துக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் சேந்தன்னைக்கு என் நம்பரைத்தான் குடுத்தேன். பொழுது சாயறதுக்குள்ள ஒம்பது 'ஹாய்'. அதுல ஒண்ணு உன்னுது."

(அது வரவேற்புச் செய்திதான். அடுத்து 'சாப்டியா?' என்று கேட்டிருந்ததை மறுக்கவில்லை.)

சுப்பிரமணியத்துக்கு போன் போட்டு, கிடைத்த இடத்திலெல்லாம் 'ங்க' சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டுங்க. புள்ளை வந்தா, அது நம்பரு யாருகிட்டங்க இருக்கும்?"

நான் யோசித்தே பார்க்காத கேள்வி. "எங்க வகுப்புல ஸ்டெல்லான்னு ஒரு பொண்ணு, அதுகிட்ட மட்டுமுங்க. எனக்கே தெரியாதுங்க."

"அப்பச் செரிங்க. அனுப்பறேன்."

அந்த ஞாயிறு திவ்யாவோடு ஆறு பேர் வந்தார்கள். ஸ்டெல்லா குழுவின் அட்மின் ஆனாள். நான் தொடங்கிய குழுவிலிருந்து என்னை நீக்கியதுதான் அவளுடைய முதல் ஆணை. எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் கேஸ் தீர்ந்தாலும் கரண்ட் போனாலும் அம்மா, "ஆரும் பயப்படாதீங்க, அவன் பாத்துக்குவான்" என்கிறார்.

காந்திபுரம் வரை வர முடியாத பெண்களுக்காக அடுத்த மாதம் கருமத்தம்பட்டியிலேயே வகுப்பு. தறி நிற்கும் நாளில் பக்கத்து அறையைத் தருவதாக சுப்பிரமணியமே சொல்லிவிட்டார். பாடம் எடுப்பது, இந்த நாலு மாதத்தில் எங்களிடம் கற்றுத் தேறிய திவ்யா. (என்னைவிட வேகம்.) அதற்கு முந்தைய ஞாயிறு எனக்கும் ஒரு வகுப்பு ஒதுக்கியிருக்கிறார்கள்: எங்கள் பையன்களை உட்கார வைத்து, புதிதாக வரும் பெண்ணுக்கு ஏன் 'ஹாய்' அனுப்பக் கூடாது என்று விளக்க வேண்டும். உதாரணத்துக்கு என்ன காட்டுவது என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். என் 'சாப்டியா?' ஸ்கிரீன்ஷாட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறாளாம்.