தனக்குத் தானே தாத்தா ஆன கமர்கட் அண்ணாச்சி

ஹைதராபாத்தில் தனக்குத் தானே கொள்ளுத்தாத்தாவாகப் பதவி உயர்வு கொடுத்துக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் கமர்கட் அண்ணாச்சிதான். அவருடைய சொந்தப் பெயர் மல்லாபூரில் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரரே வாடகைப் பத்திரத்தில் ‘கமர்கட்’ என்று எழுதிவிட்டுப் பிறகு அடித்துத் திருத்தினார் என்று கேள்வி.

நான் மென்பொருள் வேலைக்கு வந்து மாடியில் குடியிருந்தேன். கீழ் வீட்டில் அண்ணாச்சியும் அவர் மனைவியும். சாத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். பாலாநகரில் ஒரு ஃபேக்டரி கேன்டீனில் சமைத்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் சாம்பாரைக் கொதிக்க விட்டுவிட்டு மிட்டாய் முதலாளி ஆகக் கிளம்பிவிட்டார். வெல்லப்பாகில் தேங்காய் போட்டு உருட்டுகிற கமர்கட்தான் சரக்கு. அதை அவர் வாயில் போட்டு நான் பார்த்ததே இல்லை. காதால்தான் சோதிப்பார். ஒரு உருண்டையை எவர்சில்வர் தட்டில் ஓங்கிப் போடுவார். ‘டங்’ என்றால் பாஸ். ‘தொப்’ என்றால் மொத்தமும் மறுபடி அடுப்பேறும். காலை ஐந்தரைக்கே இந்தக் கச்சேரி தொடங்கிவிடுவதால் எங்கள் தெருவில் யாரும் அலாரம் வைப்பதில்லை.

மழைக்காலத்தில் கமர்கட் பிசுபிசுக்கும். என் அறையில் ஏசி இருப்பதை மோப்பம் பிடித்துவிட்டார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவர் மனைவியிடம் நான் கொடுத்திருந்த சாவிக்கு அந்த மழையில் அவசரம் வந்துவிட்டது. ஆபீஸ் விட்டு வந்தால் கட்டில் முழுக்கத் தாம்பாளங்கள். பதினெட்டு டிகிரியில் கமர்கட்டுகள் சுகமாகக் கிடக்க, நான் தரையில் பல் கிடுகிடுக்கக் கிடந்தேன். குளிரைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்டேன். நான் நடுங்கினால் விடிந்ததும் சரியாகிவிடுமாம், கமர்கட் இளகினால் சரியாகாதாம்.

இவ்வளவு பாடுபட்டும் பெரிய கடைகள் எதுவும் வாங்கவில்லை. புது கம்பெனி, பேர் தெரியாத கம்பெனி என்று கையை விரித்தன. மனைவி தீபாவளி வரை கெடு வைத்தார். அதற்குள் ஒரு பெரிய கடையாவது பிடிக்காவிட்டால் ஊருக்குத் திரும்பி, அவருடைய தம்பியின் தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்குச் சேர வேண்டும். மச்சினனை ‘முதலாளி’ என்று கூப்பிடுவதை நினைத்தாலே அண்ணாச்சிக்குக் காய்ச்சல் வந்தது.

அந்தக் காய்ச்சலில் பிறந்தவர்தான் ஸ்தாபகர், அதாவது அண்ணாச்சியின் கொள்ளுத்தாத்தா. அண்ணாச்சி ஸ்டுடியோவுக்குப் போய் வாடகைத் தலைப்பாகையும் ஒட்டு மீசையுமாகத் தன்னையே படம் பிடித்துக்கொண்டு, அதைப் பழுப்பாக்கி டப்பாவில் அச்சடித்துவிட்டார். கீழே ‘பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல்’ என்று ஒரு வரி. இது பொய் இல்லையா என்று கேட்டேன். எல்லா டப்பாவிலும் ஒரு பெரியவர் இருக்கும்போது நம்முடையது மட்டும் அநாதையாக நிற்க வேண்டுமா என்று என்னையே மடக்கினார்.

கெடு முடிய மூன்று வாரம் இருந்தபோது, செகந்திராபாத்தில் ஒரு பெரிய கடையிலிருந்து அழைப்பு வந்தது. மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ் அம்மா ஒருவர்தான் முதலாளி. துணைக்கு நானும் போனேன். கமர்கட்டை வாயில் அடக்கிக்கொண்டு, ஸ்தாபகர் கதையைச் சொல்லுங்கள் என்றார் அந்த அம்மா.

அண்ணாச்சி மடை திறந்தார். ஸ்தாபகர் ஒரே ஒரு இரும்புச் சட்டியோடு ரயிலேறி வந்தது, போவன்பள்ளிச் சந்தையில் வெல்லம் சுமந்தது, மழையில் கெட்ட பாகைக் கொட்டிவிட்டு அழுதது, பாலாநகர் ஃபேக்டரி வாசலில் ஷிஃப்ட் சங்குக்குக் காத்திருந்து கூவி விற்றது. எனக்கே அந்த ஸ்தாபகர்மேல் பரிதாபம் வந்துவிட்டது.

“பாலாநகர்ல ஃபேக்டரி வந்ததே எங்க டாடி காலத்துலதான்” என்றார் அந்த அம்மா நிதானமாக. “நூறு வருஷம் முன்னாடி அங்க சங்கு ஊதுனது யாரு?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அந்த அம்மா டப்பாவை எடுத்து அவர் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இது நீங்கதானே?”

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். மச்சினனின் தீப்பெட்டி ஆபீஸ் வாசல் அவர் கண்ணில் தெரிந்திருக்கும்.

“ஆமாம்மா. மீசையும் காலமும்தான் பொய். மத்ததெல்லாம் நான் பட்டதுதான்.”

அந்த அம்மா இன்னொரு கமர்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“அப்புறம் எதுக்கு, கைக்கு இந்தத் தாத்தா?” என்றார், ஹைதராபாத் உருது கலந்து. “எனக்கு வேணாம், நக்கோ. உங்க மூஞ்சியைப் போட்டு, இந்தக் கதையையும் போட்டுக் கொண்டு வாங்க. தீபாவளிக்கு ஐந்நூறு டப்பா வேணும்.”

வீடு திரும்பும் ஆட்டோவிலேயே அண்ணாச்சி மச்சினனுக்குப் போன் போட்டார். வேலைக்கு வர முடியாது என்றார். கொஞ்சம் யோசித்து, இங்கே டப்பா ஒட்ட ஆள் தேவைப்படும், வருகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். அந்த அம்மாவின் கடை அந்தத் தீபாவளியோடு வாங்குவதை நிறுத்தவில்லை. இப்போது அவருக்குச் சொந்த ஷெட், அதில் இரண்டு பெரிய ஏசி.

நான் கச்சிபௌலிக்குக் குடிபோய் இரண்டு வருஷமாகிறது. என் மேஜையில் அவருடைய டப்பா ஒன்று இருக்கிறது. மீசை இல்லை, தலைப்பாகை இல்லை, வழுக்கையும் அசட்டுச் சிரிப்புமாக அண்ணாச்சி. உள்ளே இருந்தது தீர்ந்து மாதக்கணக்காகிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை. காலையில் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கிறது.