மனைவி வீட்டுக்கு வாடகை கொடுத்த கதை

கல்யாணம் செய்துகொண்டால் வருமான வரி குறையும் என்று நம்பி ஏமாந்தவர்களுக்கு ஒரு சங்கம் வைத்தால், அதற்கு ஆயுள்காலத் தலைவராக இருக்க என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. (பொருளாளராக மட்டும் போட்டுவிடாதீர்கள்.)

அப்போது எனக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை. மனைவி கலைச்செல்வி (எனக்குக் கலா) ஏற்காட்டில் தொகுப்பூதியத்தில் நர்ஸ். மஞ்சக்குட்டையில், காப்பித் தோட்டத்து ஓரமாக என் மாமனார் கட்டி அவள் பேருக்கு எழுதிவைத்த வீட்டில் குடியிருந்தோம். குடியிருந்தாள் என்று சொல்வதுதான் சரி. நான் விருந்தாளி. சனிக்கிழமை வேலை முடிந்ததும் சேலம் பஸ், அங்கிருந்து ஏற்காடு பஸ், அப்புறம் ஷேர் ஜீப். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கை காய்வதற்குள் அதே ஜீப் வாசலில் நின்று ஹாரன் அடிக்கும்.

ஏறும்போது கண்ணில் படாத கொண்டை ஊசி வளைவுகள், இறங்கும்போது ஒவ்வொன்றும் தெரியும். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சுவேன். பக்கத்து சீட்டுக்காரர் எனக்குக் குமட்டுகிறது என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுப்பார். வாங்கி முகர்ந்துகொள்வேன். மீசை வைத்த ஆள், பெண்டாட்டியை விட்டுப் போக முடியாமல் அழுகிறேன் என்று சொல்ல முடியுமா?

எங்கள் கம்பெனிக்குச் சேலத்தில் ஒரு கிடங்கு இருந்தது. அங்கே மாற்றல் கேட்டு மனுப் போட்டிருந்தேன். மனு எந்த மேஜையில் தூங்கியதோ, அசையவே இல்லை.

இந்த நிலைமையில்தான் வரி பிடிக்கும் காலம் வந்தது. கல்யாணமானவன், பிரிந்து வாழ்கிறவன் என்று பார்த்து அரசாங்கம் ஏதாவது கழித்துக்கொடுக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்த்த சம்பத் விழுந்து விழுந்து சிரித்தான். வரிச் சட்டத்துக்குப் புருஷன் தனி ஆள், பெண்டாட்டி தனி ஆளாம். தாலி கட்டினாயா என்றுகூட அது கேட்காதாம். (எங்கள் பிழைப்பை நேரில் வந்து பார்த்து எழுதிய சட்டம் போலிருக்கிறது.)

சிரித்து முடித்தவன் வழியும் சொன்னான். வீடு அவள் பேரில்தானே இருக்கிறது? அவளுக்கு வாடகை கொடுப்பதாக ரசீது வைத்தால், சம்பளத்தில் வாடகைப் படிக்கு வரி பிடிக்க மாட்டார்கள். அவள் சம்பளம் சின்னது, வாடகையைச் சேர்த்தாலும் அவளுக்கு வரி வராது. கேட்டதும் எனக்கு மலையே இறங்கி வந்து கைகொடுத்த மாதிரி இருந்தது. மிச்சமாகும் பணத்துக்குச் சம்பளமில்லா லீவு போட்டு, வாரத்துக்கு நடுவே ஒரு நாள் கலாவைப் பார்த்துவிட்டு வரலாம். மாதாமாதம் வீட்டுச் செலவுக்கு அனுப்பிய பணத்துக்கு அன்றைக்கே ‘வாடகை’ என்று பேர் வைத்தேன்.

வாடகை கொடுக்கிறவன் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும் என்ற சின்ன விஷயத்தைச் சம்பத் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மஞ்சக்குட்டையிலிருந்து ஓசூருக்குத் தினமும் வேலைக்குப் போகச் சொன்னால் காக்காகூட லீவு போடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது ரசீதுகளை நீட்டினேன். என்னங்க இது என்றாள். ஆபீஸ் பேப்பர் என்றேன். மாற்றல் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டு, படிக்காமலே எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டாள். போட்டதோடு கண்ணில் ஒற்றிக்கொண்டும் கொடுத்தாள்.

கணக்குப் பிரிவில் பாக்கியம் மேடம் என்று ஒருவர். ரசீதுகளைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

“மஞ்சக்குட்டை எங்க சார் இருக்கு?”

“ஏற்காட்டுப் பக்கமுங்க மேடம்.”

“தினமும் அங்கிருந்தா வர்றீங்க?”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. நான் சொன்னேன்: “நொம்ப சீக்கிரம் எந்திரிச்சுருவேனுங்க.”

மேடம் சிரிக்கவில்லை. ரசீதில் இருந்த ஓனர் நம்பருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரிலும் வைத்தார். சாருடைய ஆபீஸிலிருந்து பேசுகிறோம், சார் அந்த வீட்டில்தான் குடியிருக்கிறாரா என்று கேட்டார். வாடகை என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. மாற்றல் மனுவுக்குத்தான் விசாரிக்கிறார்கள் என்று கலா முடிவு கட்டிவிட்டாள் என்பது அவள் வாயைத் திறந்ததுமே எனக்குப் புரிந்தது.

“அவரு எங்கீங்க குடியிருக்காரு? சனிக்கெழம இருட்டுன பொறகு வருவாருங்க. ஞாயித்துக்கெழம மத்தியானம் போயிருவாருங்க. மலையில துணி சட்டுனு காயாதுங்க. அவரு சட்டையத் தொவச்சுப் போட்டா, அது காயறதுக்குள்ள ஆளு கெளம்பிருவாருங்க. கொடியில தொங்கற அந்தச் சட்டையப் பாத்துட்டுத்தானுங்க வாரம் பூரா இருக்கறேன். எப்படியாச்சும் அவர இந்த ஊட்டுல குடிவெச்சு உடுங்க, புண்ணியமாப் போகும்.”

கணக்குப் பிரிவே வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. எனக்கு எலுமிச்சம்பழம் தேவைப்பட்டது.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, “ரசீது செல்லாது சார்” என்றார். அப்புறம் ரசீதுகளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, “அந்த மாற்றல் மனு யார்கிட்ட இருக்கு?” என்று கேட்டார்.

பாக்கி வரியை மிச்சமிருந்த மாதங்களின் சம்பளத்தில் மொத்தமாகப் பிடித்தார்கள். கைக்கு வந்தது யானைப் பசிக்குச் சோளப்பொரி. நடுவாரத்து லீவுக் கனவு அதோடு போயிற்று. ஆனால் மழை பிடிப்பதற்கு முன்னால் சேலத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. தினமும் மலையிறங்கி வேலைக்குப் போய், தினமும் மலையேறி வீட்டுக்கு வந்தேன். கொடியில் என் சட்டை காயக் காய, பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த வாழ்க்கை ஒரு வருஷம் நடந்தது.

அப்புறம் கலாவுக்கு வேலை நிரந்தரமானது. கூடவே மாற்றல் உத்தரவும் வந்தது. எந்த ஊர் தெரியுமா? ஓசூர்.

இப்போது அவள் அங்கே, நான் இங்கே. இன்றைக்கு நான் வாடகை ரசீது வைத்தால் தாராளமாகச் செல்லும். அவள் வீட்டில் உண்மையாகவே குடியிருக்கிறேனே. வைக்கத்தான் மனசு வரவில்லை.

ரசீதுக் கதை முழுவதையும் அவளிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன். சனிக்கிழமை ஜீப்பிலிருந்து இறங்கியதும் கேட்டைத் தட்டி, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி கூப்பிடுவாள்: “ஏனுங்க, ஊட்டு ஓனர் வந்திருக்கறேன். குடியிருக்கறவரு இருக்கறீங்களா?”

“நொம்ப சீக்கிரம் எந்திரிச்சுக் காத்துட்டு இருக்கறேனுங்க” என்று நான் பதில் சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாராவாரம் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜீப் ஹாரன் அடிக்கும்போது, கொடியில் அவள் சேலை இன்னும் ஈரமாகத்தான் இருக்கும்.