ஃபுல்டேங்க் அண்ணனும் முக்கால் டேங்க் தண்ணீரும்

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே தண்ணீரைக் கண்டு பயப்படுகிற ஒரே தீயணைப்பு வண்டி டிரைவர் எங்கள் ஃபுல்டேங்க் அண்ணன்தான். நெருப்புக்குப் பயப்பட மாட்டார். நிலைய அலுவலருக்குப் பயப்பட மாட்டார். வீட்டம்மாவுக்குக்கூட ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பயப்படுவார். ஆனால் டேங்க்கில் பாதித் தண்ணீர்தான் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். மனுஷனுக்கு மார்கழிக் குளிரிலும் வேர்த்து ஊற்றும்.

பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவருக்கு இருந்துதான் ஆக வேண்டும். அதை யாரும் கேட்டதில்லை. வெளியூர்க்காரர்கள் 'ஃபுல்டேங்க்' என்ற பேரைக் கேட்டுத் தப்பாகப் புரிந்துகொண்டு, சாயங்காலம் கம்பெனிக்குக் கூப்பிடுவார்கள். அவரோ டீயையே அரை கிளாஸ் குடிக்காதவர். கிளாஸ் விளிம்புவரை இருந்தால் குடிப்பார், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்.

கீரனூர் ரோட்டில் தீயணைப்பு நிலையத்துக்கு நேர் எதிரே என் பஞ்சர் கடை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் அந்தச் சிவப்பு வண்டியைத்தான். அது ஒரு தனிப் பிறவி. சைரன் மழைக்காலத்தில் பூனை மாதிரி கத்தும், வெயில் காலத்தில் கத்தவே கத்தாது. அப்போதெல்லாம் முன்னால் தொங்கும் பித்தளை மணியை அடித்துக்கொண்டே போவார்கள். டிரைவர் பக்கத்துக் கதவு உள்ளிருந்து உதைத்தால்தான் திறக்கும். ஓடுகிற அதே இன்ஜின்தான் பின்னால் இருக்கும் பம்பையும் சுற்ற வேண்டும் என்பதால், தீ பிடித்த இடத்தில் வண்டி அசையாமல் நின்றபடி உயிரை விட்டு உறுமும். முழு டேங்க்கோடு குடுமியான்மலைப் பக்கம் மேடேறும்போது ஆட்டு மந்தை முந்திக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். கடைசி ஆடு திரும்பி வேறு பார்த்தது.

மாதம் ஒரு தடவை அண்ணன் மேல்மூடியைத் திறந்து டேங்க்குக்குள் இறங்கி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுவார். கழுவும்போது பாடுவார். அந்தப் பாட்டு இரும்புக்குள் உருண்டு வெளியே வரும்போது, ரோட்டில் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

"உள்ள என்னண்ணே இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மூணு ரூமுடா பஞ்சரு. தண்ணி ஒரே ஓட்டமா ஓடக் கூடாதுன்னு நடுவுல தடுப்புத் தகடு வச்சிருக்கான். அதுல ஒண்ணு துருப்பிடிச்சு விழுந்துருச்சு. புதுசு வருதுங்குறாங்க, வருதுங்குறாங்க, வந்தபாடில்ல. இப்ப ரெண்டு ரூம ஒண்ணாக்குன கல்யாண மண்டபமாட்டம் கெடக்கு. அரைத் தண்ணி இருந்துச்சுன்னா, அங்கிட்டும் இங்கிட்டும் ஆடும் பாரு ஆட்டம்!"

நான் சிரித்தேன். தண்ணீருக்குப் போய் இவ்வளவு பயமா என்று கேட்டேன். அவர் என் கடையிலிருந்த இருபது லிட்டர் கேனில் பாதி தண்ணீர் பிடித்து, என் மொபெட் பின்னால் கட்டினார்.

"அந்த வேப்பமரத்தச் சுத்திட்டு வா. வேகமா வரணும்."

மரத்தை ஒட்டி நான் வலது பக்கம் திரும்பினேன். கேனில் இருந்த தண்ணீர் நேராகப் போவது என்று முடிவு செய்துவிட்டது. அடுத்து நான் கண்ணைத் திறந்தபோது வாய்க்காலுக்குள் கிடந்தேன். அண்ணன் ஓடி வந்து முதலில் கேனைத் தூக்கி நிறுத்தினார். அப்புறம்தான் என்னை.

"பத்து லிட்டரு ஒன்னய வாய்க்கால்ல படுக்க வச்சிருச்சு. எம் முதுகுக்குப் பின்னாடி நாலாயிரத்து ஐந்நூறு லிட்டரு குந்தியிருக்குடா. ரொம்பி இருந்தா அதுக்கு அசைய எடமில்ல, சொன்ன பேச்சு கேக்கும். ஒண்ணுமே இல்லாட்டியும் தொந்தரவில்ல. நடுவுல நிக்கிறதுதான் வில்லங்கம்."

இந்தக் கொள்கையால் ஊரில் லாபமடைந்தவர்கள் தென்னந்தோப்புக்காரர்கள். தீயை அணைத்த பிறகு டேங்க்கில் மிச்சம் இருந்தால், அங்கேயே நிரப்ப வேண்டும். முடியாவிட்டால் பக்கத்துத் தோப்பில் திறந்துவிட்டு, காலி வண்டியோடு திரும்புவார். எங்கேயாவது சின்னதாக ஒரு குப்பை எரியாதா என்று கோடையில் ஏங்குகிற ஆட்கள் எங்கள் பக்கம் உண்டு. எனக்கும் இதில் ஒரு லாபம். வாய்க்காலில் விழுந்த மறுநாளிலிருந்து, அவர் வண்டி எடுக்கும்போதெல்லாம் கடையிலிருந்தபடி கத்துவேன்: "அண்ணே, ஒரு சொட்டு கொறையுது!" அவர் நிஜமாகவே இறங்கிப் பின்பக்கம் போய், மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்த்துவிட்டு வருவார்.

போன கோடையில் கோயில் தேர்த்திருவிழா. பாதுகாப்புக்காக வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். வந்து நின்ற இடத்துக்கு எதிரேயே ஒரு பனைமரம் எரிய, அதை அணைத்ததில் டேங்க் முக்காலாகிவிட்டது. நிரப்பலாம் என்றால் தேர் வரும் தெருவில் கம்பி தட்டும் என்று கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். மோட்டார் ஓடாது. கண்மாயும் வறண்டு வெடித்துக் கிடந்தது. அண்ணன் பல்வலிக்காரர் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் நீர்மோர்ப் பந்தலில் நாலாவது டம்ளரை வாங்கிக்கொண்டு, "அண்ணே, கால் டேங்க் கொறையுதாம்ல?" என்று சீண்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"டே, வைக்கப்போரு புடிச்சுக்கிச்சுடா! தொழுவத்து வாசல்ல எரியுது. மாடு உள்ள கெடக்கு. கிட்டயே போக முடியலடா. செனை மாடுடா!"

எங்கள் வீடு கண்மாய்க்கு அந்தப் பக்கம். அம்மா தனி ஆள். அந்த மாட்டைக் கன்றிலிருந்து வளர்த்தவர். டம்ளர் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை, நான் வண்டியின் முன்னால் நின்றேன். நிலைய அலுவலர் விசில் ஊதினார். ஆட்கள் ஏறினார்கள். அண்ணன் மட்டும் ஏறவில்லை.

"யோவ், எடுய்யா வண்டிய!" என்றார் அலுவலர்.

"சார், கண்மாக் கரையில மூணு வளைவு. முக்கால் டேங்க்கோட திரும்புனா வண்டி கண்மாய்க்குள்ள போயிரும். தீ அங்கிட்டு எரியும், நாம இங்கிட்டுக் கெடப்போம்."

"தண்ணியத் தொறந்து விட்டுட்டுப் போவமா? அங்க போயி எச்சியா துப்புறது?"

நான் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். "அண்ணே, ஒங்க கால்வாசி அரைவாசிக் கதையெல்லாம் நாளைக்கு வச்சுக்கங்க. எங்க மாடு வெந்துரும்ணே!"

அவர் என் கையை எடுத்துவிடவில்லை. என் தலைக்கு மேலே நீர்மோர்ப் பந்தலைப் பார்த்தார். வரிசையாக அண்டாக்கள். பக்கத்தில் பானகம். அதற்குப் பின்னால் கலக்குவதற்கு வைத்திருந்த தண்ணீர் டிரம்கள். தேர் பார்க்க வந்த மொத்த ஜனத்துக்குமானது.

பின்பக்க ஏணியில் அணில் மாதிரி ஏறி மூடியைத் திறந்தார். "ஆத்தாமாரே, அய்யாமாரே! எல்லாத்தையும் இங்கிட்டுக் கொண்டாங்க! வெரசா!"

பந்தல்காரர் பதறினார். "யோவ், அது சாமிக்கு நேந்துக்கிட்ட மோருய்யா!"

"ஆத்தாளே செனை மாட்டுக்குக் குடுக்கச் சொல்லுறா. ஊத்துங்க!"

அவ்வளவுதான். பந்தலிலிருந்து வண்டிவரை ஒரு மனிதச் சங்கிலி. குடம், வாளி, பாத்திரம், சொம்பு எல்லாம் கைமாறி மேலே போயிற்று. பால்குடத்தோடு வந்த ஒரு பெண்ணும் ஏணியில் கால் வைத்தார்.

"பால் வேணாந்தாயி, அது ஆத்தாளுக்கு. மோரு, பானகம், தண்ணி மட்டும் குடுங்க. ஏய், கருவேப்பில வருது பாரு! வேட்டியில வடிகட்டி ஊத்துங்கடா!"

பந்தல்காரரே தன் புது வேட்டியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, துண்டோடு நின்று வடிகட்டினார். மூடி வழியாக மோர் பொங்கி வழிந்தபோதுதான் அண்ணன் இறங்கி, கதவை அறைந்து சாத்தினார். நான் அவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டேன்.

அந்தப் பயணத்தை எப்படிச் சொல்வது? கரையின் வளைவுகளில் அந்த முரட்டு வண்டி, வடம் பிடித்து இழுக்கிற தேர்கூட அப்படிப் போகாது, அத்தனை ஒழுங்காகத் திரும்பியது. அவர் பிரேக்கைத் தொட்டபோது பின்னாலிருந்து ஒரு தள்ளு இல்லை, ஓர் ஆட்டம் இல்லை. மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் உதடு முணுமுணுத்தது. சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். டேங்க்கோடு பேசிக்கொண்டிருந்தார். "அப்புடியே இரு ராசா. அப்புடியே இரு."

வீட்டு வாசலில் நின்றதும் இன்ஜின் உறுமியது. குழாயிலிருந்து வெள்ளை வெளேரென்று பீய்ச்சியது. வைக்கோல்போர் சீறியது. தொழுவத்துக் கூரையில் பிடித்த தீ பாதி அடங்கியிருக்கும், குழாய் விக்கிவிட்டு நின்றுவிட்டது. உள்ளே மாடு கத்தியது. அம்மா என் கையை நகம் பதியப் பிடித்தார்.

அண்ணன் பாய்ந்து போய் குழாய் முனையைத் திருகிக் கழற்றினார். விரலை விட்டு எதையோ பிடுங்கி எறிந்தார்.

"இஞ்சி! கருவேப்பிலன்னு சொன்னேன், இஞ்சியச் சொல்ல மறந்துட்டேன்!"

மறுபடி பீய்ச்சியது. மற்றவர்கள் கொக்கியால் போரைப் பிரித்து இழுத்தார்கள். வாசல் கொஞ்சம் திறந்ததும் அண்ணன்தான் நனைந்த சாக்கோடு உள்ளே போனார். வரும்போது அவருடைய கையில் மாட்டின் கயிறு. அதன் உடம்பெல்லாம் மோரும் பானகமும். வெளியே வந்ததும் அது தன் மூக்கை நக்கிப் பார்த்தது, பிறகு அவர் கையை நக்கியது.

அம்மாவுக்கு அழுகையும் சந்தேகமும் ஒன்றாக வந்தன. "தம்பி, இதென்னப்பா ஏலக்கா வாசம் அடிக்குது?"

"கோயில் பிரசாதம்க்கா," என்றார் அண்ணன். பிறகு பின்பக்கம் போய்க் கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். பாதி மிச்சம். அதையும் எங்கள் முருங்கைமரத்தடியில் திறந்துவிட்டுவிட்டு, காலி வண்டியோடுதான் கிளம்பினார். மறுநாள் பஞ்சாயத்தில் உள்ள எறும்பெல்லாம் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தன.

மாடு கிடாரிக் கன்று போட்டது. அம்மா அதை 'டேங்க்கு' என்று கூப்பிடுகிறார். பந்தல்காரர் இந்த வருஷம் இஞ்சியை அரைத்துப் போடச் சொல்லிவிட்டார், யாருக்கும் காரணம் சொல்லவில்லை. புதுத் தகடு இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. நான் இப்போதும் கடையிலிருந்து கத்துகிறேன்: "அண்ணே, ஒரு சொட்டு கொறையுது!" அவர் இப்போதும் இறங்கிப் பார்க்கிறார்.

ஆனால் சும்மா நிற்கிற வண்டியிலும் வெயில் கொஞ்சம் தண்ணீரைக் குடிக்கத்தான் செய்யும். அண்ணன் லீவில் ஊருக்குப் போயிருக்கும் நாட்களில், கடையைத் திறந்ததும் நான் ஒரு குடம் தண்ணீரோடு அந்தப் பின்பக்க ஏணியில் ஏறிவிட்டு வந்துதான் முதல் பஞ்சரைப் பார்க்கிறேன்.