ஒன்றரைச் சுற்று

சாவியைத் திருப்பியதும் கார் 'டிக்' என்றது. அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

"என்னாச்சு?" என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார் பல் டாக்டர். காரை வாங்க வந்தவர் அவர்.

"தெரியலையே. நேத்துகூட நல்லாத்தான் ஓடிச்சு," என்றார் நூலகர். சொல்லும்போதே காது மடல் சிவந்துவிட்டது. முப்பது வருடம் நூலகத்தில் உட்கார்ந்து 'சத்தம் போடாதீங்க' என்று மட்டுமே சொல்லிப் பழகிய மனுஷனுக்குப் பொய் அவ்வளவு லேசில் வருமா?

காரணம் அவருக்குத் தெரியும். காலை ஐந்தரை மணிக்கு, மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து பானெட்டைத் திறந்து, பேட்டரியின் எர்த் வயர் நட்டை ஸ்பேனரால் ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தி வைத்ததே அவர்தான். வயர் பார்வைக்கு அதன் இடத்திலேயே இருக்கும். கரண்ட் மட்டும் ஒழுங்காகப் போகாது.

பின்னே என்ன செய்வார்? கல்யாணமான வருடம் வாங்கிய கார். பிறந்த மகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது இதில்தான். தையல் டீச்சரான மனைவி ஓட்டப் பழகியபோது கேட்டில் இடித்த பள்ளம் இடது கதவில் இன்னும் இருக்கிறது. அதை நிமிர்த்த அவர் யாரையும் விட்டதில்லை.

போன மாதம் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு காரைத் தள்ளியதைப் பார்த்துவிட்டு டீச்சர், "இன்னும் எதுக்குங்க இதோட மல்லுக்கட்டிக்கிட்டு? கொடுத்துடலாமா?" என்று கேட்டாள். அவளுக்குக் கார் சலித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, "உன் இஷ்டம்மா," என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டில் எல்லாம் அப்படித்தான் முடிவாகும். படுக்கையறைச் சுவரின் பாசிப்பச்சை நிறத்தை அவர் பதினோரு வருடமாகச் சகித்துக்கொண்டிருப்பதும் ஒரு நாள் 'உன் இஷ்டம்' என்று சொல்லித் தொலைத்ததால்தான்.

கிளம்பாத காரைப் பார்த்ததும் டாக்டர் கிளம்பிவிடுவார் என்பது அவர் போட்ட கணக்கு. டாக்டரோ சட்டைக் கையை மடித்துவிட்டார். வாசலில் நின்ற டீச்சர் வேறு, "நம்ம ஸ்பார்க்கை வரச் சொல்லலாமே," என்றாள்.

ஸ்பார்க் என்பது தெருமுனை எலக்ட்ரீஷியனுக்குத் தெரு வைத்த பெயர். 'இதோ வந்துட்டேன்' என்று சொல்லிவிட்டு மூன்றாம் நாள் தலையைக் காட்டுகிறவர், அன்றைக்கென்று ஐந்தே நிமிடத்தில் டூல் பெட்டியோடு வந்து நின்றார். எல்லாம் என் போதாத காலம் என்று நூலகர் பல்லைக் கடித்தார்.

ஸ்பார்க் முதலில் ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். அழுது வடிந்தது. அப்படியே சாவியைத் திருப்பச் சொன்னார். அழுது வடிந்த விளக்கும் அணைந்தது. பேட்டரியில் தெம்பு இல்லை, இல்லாவிட்டால் எங்கேயோ வயர் லூஸ் என்றார். சொத்தைப் பல் தேடுகிறவர் மாதிரி பானெட்டுக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்த டாக்டர், எர்த் வயரை விரலால் ஆட்டிவிட்டு, "இதோ ஆடுது பாருங்க," என்றார்.

ஸ்பார்க்கின் முகம் சுருங்கியது. மனசே இல்லாமல் நட்டை இறுக்கினார். தன் தொழிலில் டாக்டர் முந்திக்கொண்ட கடுப்பு என்று நூலகர் நினைத்துக்கொண்டார். அப்புறம் ஸ்பார்க் குனிந்து, செல்ஃப் மோட்டார் பக்கம் எதையோ தடவிப் பார்த்துவிட்டு, "இப்பப் போடுங்க சார்," என்றார்.

நூலகர் கண்ணை இறுக மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினார். இன்னும் அரை மணியில் கார் இன்னொருவர் வீட்டில் நிற்கும்.

கார் 'டிக்' என்றுகூடச் சொல்லவில்லை. ஹெட்லைட் மட்டும் பளிச்சென்று எரிந்தது.

அவருக்குப் பகீர் என்றது. தான் வைத்த கோளாறைத்தான் சரிசெய்தாகிவிட்டதே, இது யார் வைத்தது? நிஜமாகவே ஏதோ ஆகிவிட்டதா? காலையில் இருட்டோடு இருட்டாக ஸ்பேனரை வைத்து வேறெதையாவது தட்டிக் கெடுத்துவிட்டோமா? அவருக்குக் கார் கைவிட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான். அதன் உயிரே போகட்டும் என்று அவர் எப்போது நினைத்தார்?

"ஸ்பார்க்கு, நல்லாப் பாருங்க. என்ன வேணா பண்ணுங்க," என்று அவரே கெஞ்ச ஆரம்பித்தார்.

விளக்கு மங்காமல் எரிவதால் பேட்டரி மேல் குற்றமில்லை, சாவியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகிற வழியில்தான் தகராறு என்று ஸ்பார்க் விளக்கினார். விளக்கிவிட்டு ஸ்டியரிங்குக்கு அடியில் படுத்து நாலு வயர்களைப் பிரித்து மாட்டினார். இந்தத் தடவை சாவியைத் திருப்பியதும் வைப்பர் ஓடியது. காய்ந்த கண்ணாடியில் கர் கர்ரென்று தேய்த்துக்கொண்டே இருந்தது.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்று யோசனை சொன்னவர் டாக்டர்தான். ஸ்பார்க் முந்திக்கொண்டு ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தார். வாசலிலிருந்து டீச்சர், "அவருக்கு முதுகுவலி, தள்ள வேணாம்," என்று சொன்னதால் நூலகர் ஒப்புக்கு ஒரு கையை வைத்துக்கொண்டு நடந்தார். டாக்டர் தெருக்கோடி வரை தள்ளினார். திரும்பவும் வீடு வரை தள்ளினார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"கிளட்சை விட்டேன் டாக்டர், பிடிக்க மாட்டேங்குது," என்றபடி இறங்கினார் ஸ்பார்க்.

டாக்டர் மூச்சு வாங்கினார். அப்போதாவது போயிருக்கலாம். "பரவாயில்ல விடுங்க, இது ஓடணும்னே இல்ல. இழுத்துட்டுப் போய், செவப்புப் பெயிண்ட் அடிச்சு, கிளினிக் வாசல்ல நிறுத்திடறேன். பார்க்க அழகா இருக்கும்," என்றார்.

நூலகருக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. சிவப்புப் பெயிண்டாம்! கதவுப் பள்ளத்தையும் நிமிர்த்திவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். எதிரே டீச்சர் டீ டம்ளர்களோடு நின்றாள். தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அவள் ஆசையாக விற்க நினைத்ததை எப்படிக் கெடுப்பது என்று வாயை மூடிக்கொண்டார்.

ஸ்பார்க்கும் டீச்சரை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப ஹாரன் வயரையும் ஒரு தடவை பார்த்துடறேன்," என்று மறுபடியும் குனிந்தார்.

அவ்வளவுதான், ஹாரன் அலற ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. தெருவில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது. ஸ்பார்க் டாக்டரின் காதருகே போய், பழைய வயரிங், எப்போது கத்தும் எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று கத்தினார். டாக்டர் பேயறைந்தவர் போல் நின்றார். நோயாளியின் வாய்க்குள் ஊசியோடு இருக்கும் நேரம் வாசலில் இது இப்படி அலறினால் என்ன ஆகும் என்று அவர் நினைத்துப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. போன் பண்ணுகிறேன் என்று கையாலேயே ஜாடை காட்டிவிட்டு, டீயைக்கூடக் குடிக்காமல் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார்.

அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் ஸ்பார்க் ஒரு வயரைப் பிடுங்கினார். ஹாரன் வாயை மூடியது. டீச்சர் தட்டோடு உள்ளே போய்விட்டாள்.

நூலகருக்குப் பாதி நிம்மதி. மீதிப் பாதி அடைத்துக்கொண்டு நின்றது. "ஸ்பார்க்கு, மறைக்காம சொல்லுங்க. இது இனிமே பிழைக்குமா?"

ஸ்பார்க் பானெட்டுக்குள் ஒரு நிமிடம் கையை விட்டார். ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு நிமிடம். வெளியே வந்து சாவியைக் காட்டினார். நூலகர் திருப்பினார். பாதித் திருப்பலிலேயே கார் கிளம்பிவிட்டது.

வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது அவருக்கு. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதேவிட்டார். அழுகையோடு அழுகையாக உண்மையையும் கொட்டிவிட்டார். எர்த் வயரைத் தளர்த்தியது தான்தான் என்றும், வீட்டுக்காரி ஆசைப்பட்டு விற்கிறாள், தயவுசெய்து அவளிடம் மட்டும் சொல்லிவிட வேண்டாம் என்றும் சொல்லி ஸ்பார்க்கின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்பார்க் கையை விடுவித்துக்கொண்டார். பிறகு கிரீஸ் கையைத் துணியில் துடைத்தபடி சொன்னார்:

"அட போங்க சார், 'அவர் ஆசைப்பட்டு விக்கிறாரு, என்னால வேணாம்னு சொல்ல முடியல, எப்படியாவது இன்னைக்கு வண்டி கிளம்பாமப் பார்த்துக்கோங்க'ன்னு காலையில ஆறு மணிக்கே டீச்சரம்மா போன்ல ஒரே அழுகை."