கண்மாயில் அலை கிளப்பிய ஆருசொன்னா அண்ணாச்சி

ஒரு குடம் தண்ணீருக்குத் தெருச்சண்டை போட்டுப் பழகிய கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு, "நான் அலை கிளப்பிக் காட்டுதேன்" என்று சவால் விட்ட மனிதர் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் ஆருசொன்னா அண்ணாச்சி. இன்னொருத்தர் எங்காவது இருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லாதீர்கள். ஒருத்தரைத் தாங்கியதே போதும்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். ஊருக்கு அவர் ஆருசொன்னாதான். முடியாது, கூடாது, நடக்காது என்ற மூன்று வார்த்தைகளில் எது காதில் விழுந்தாலும், தலையைப் பின்னால் சாய்த்து, "ஆரு சொன்னா?" என்பார். ஒரு தடவை டாக்டர், "உப்பைக் குறைக்கணும், ஊறுகாய் கூடாது" என்றிருக்கிறார். "ஆரு சொன்னா?" என்று கேட்டிருக்கிறார் இவர். டாக்டர் பாவம், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நான்தாங்க சொன்னேன்" என்றாராம். "லைன்ல கரண்ட் இருக்கு, தொடக் கூடாது" என்று வயர்மேன் சொன்னபோதும் அதே கேள்விதான். அன்றைக்குக் கரண்டே நேரில் வந்து பதில் சொன்னது. இரண்டு நாள் கை நடுங்கியது, வாய் நடுங்கவில்லை.

இந்தப் பத்திரிகையில் எழுத வருவதற்கு முன்னால் எட்டயபுரம் ரோட்டை ஒட்டிய தெருவில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். பக்கத்தில் அவருடைய மோட்டார் பட்டறை. போர்வெல் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுவது, பம்பு கழற்றி மாட்டுவது அவர் தொழில். எனக்கும் அவருக்கும் ஒரு நாள்கூடச் சண்டை இல்லாமல் விடிந்ததில்லை. அவருடைய கிரீஸ் கை பட்டு எத்தனை பேருடைய சாதிச் சான்றிதழ் நகல் கறுத்துப்போயிருக்கிறது தெரியுமா? கேட்டால், "எழுத்து தெரியுதுல்லா தாயி, பொறவு என்ன?" என்பார்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவருக்கு விளையாட்டே கிடையாது. முந்நூறு அடி, ஐந்நூறு அடி என்று பூமியைக் குடைந்து கொண்டுவரும் தண்ணீர், கரண்ட் போனால் மறுபடி குழிக்குள் ஓடிவிடக் கூடாது. அதற்காக எந்த பம்பு மாட்டினாலும் குழாயில் ஒருவழி வால்வு ஒன்றை வைத்துவிடுவார். போன தண்ணீர் போனதுதான், திரும்பாது. "ஏத்துன தண்ணிய எறங்க விட்டா நான் மனுசனே இல்ல" என்பார். திருச்செந்தூர்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தவர், சாமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "இம்புட்டுத் தண்ணி சும்மா கெடக்கு, ஒரு மோட்டாரு வைக்க நாதியில்ல" என்று வாரம் முழுக்கப் புலம்பினார்.

அவருக்கு ஒரே எதிரி, மனைவியின் தம்பி. தீப்பெட்டி ஆபீஸில் (எங்கள் ஊரில் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம்) சூப்பர்வைசர். நல்ல மனுஷன்தான், ஆனால் நல்லது செய்தே ஆளைக் கொல்கிற ரகம். வாரத்துக்கு ஒரு தடவை பைக்கை நிறுத்திவிட்டு, "அத்தான், இந்த வயசுல இது என்ன பொழப்பு? எங்க ஆபீஸ்ல வாட்ச்மேன் வேல காலியா இருக்கு. சேர்ல உக்காந்தா போதும்" என்பார். அண்ணாச்சிக்கு அதைவிடப் பெரிய வசவு கிடையாது. "நான் உக்காந்தா மோட்டாருக்கு முன்னாலதான் மாப்ள உக்காருவேன்" என்று அனுப்பிவிடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் தெருவுக்குள் போட் வந்தது.

தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையில் விடுதி நடத்தும் ஒருத்தர், பழைய போட் ஒன்றை வாங்கியிருந்தார். விடுதியின் போர்வெல்லைச் சரிசெய்தது அண்ணாச்சி என்பதால் பழக்கம். ட்ரெய்லரில் வைத்து அதை எங்கள் தெருவுக்குள் திருப்பும்போது, என் கடையின் தகரப் பந்தல் ஒரு மூலை போய்விட்டது. அதற்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுத ஆசிரியர் விடமாட்டார்.

அந்த போட்டின் கதை எனக்கு முதலில் நம்பவே முடியவில்லை. எல்லா போட்டும் முங்கிவிடக் கூடாது என்றுதானே பயப்படும்? இது வேண்டுமென்றே முங்குகிற போட். வயிற்றுக்குள் பெரிய ரப்பர் பைகள். பேலஸ்ட் பம்பு போட்டுத் தண்ணீரை உறிஞ்சி அந்தப் பைகளை நிரப்ப வேண்டும். பின்பக்கம் கனத்துத் தாழும். அப்படியே ஓட்டினால் பின்னால் பெரிய அலை எழும்பும். அந்த அலை மேல் ஒரு பலகையைப் போட்டு, கயிறுகூடப் பிடிக்காமல் ஆள் நின்றுகொண்டே வருவார். முடிந்ததும் பைத்தண்ணீரை வெளியே தள்ளிவிட்டுக் கரைக்கு வரலாம். இதற்குப் பெயர் விளையாட்டு.

"பம்பு ரொம்ப மந்தம் அண்ணாச்சி" என்றார் விடுதிக்காரர். "பை நெறையறதுக்குள்ள வந்த ஆளுங்க தூங்கிப்போறாங்க. சென்னையில ஒரு இன்ஜினியரக் கேட்டேன். பழைய போட்டு, இதுல பெரிய பம்பு மாட்டவே முடியாது, எடைக்குப் போடுங்கன்னுட்டாரு."

முடியாது என்ற வார்த்தை விழுந்துவிட்டது. அண்ணாச்சியின் தலை பின்னால் சாய்ந்தது. நான் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டேன்.

"ஆரு சொன்னா?"

எதிரே இருந்த டீக்கடையே சிரித்தது. கரிசல்காட்டில் போட் ரிப்பேராம்! அந்த நேரம் பார்த்து மச்சினனும் பைக்கில் வந்து சேர்ந்தார். "அத்தான், மானத்த வாங்காதீய. குடிக்கவே தண்ணியில்லாத ஊர்ல இதெல்லாம் நமக்கு எதுக்கு?"

"ஏலே மாப்ள, இங்கன எல்லாரும் கேட்டுக்கோங்க. கண்மாயில இந்தப் போட்ட எறக்கி, அலையும் கிளப்பி, தண்ணியையும் வெளியேத்திக் காட்டுதேன். ஒரே தடவயில நடக்கணும். நடக்கலன்னா மறுநாளே பட்டறைய மூடி, போர்டக் கழட்டிட்டு, ஒன் ஆபீஸ்ல வாட்ச்மேனா வந்து உக்காருதேன். போதுமா?"

மச்சினன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அவர் கல்யாணத்திலேயே நான் பார்த்ததில்லை.

வேலை ஆரம்பமானது. பழைய குட்டி பம்புகளைப் பிடுங்கி எறிந்தார். பதிலுக்கு முன்னாலும் பின்னாலும் சுற்றக்கூடிய பெரிய பம்புகள் வந்தன. சுவிட்சை ஒரு பக்கம் தட்டினால் பை நிரம்பும், மறுபக்கம் தட்டினால் காலியாகும். தொடை கனத்துக்கு ஹோஸ், விரல் கனத்துக்கு வயர். ஒரு நாள் விடுதிக்காரர் பார்க்க வந்தபோது, அண்ணாச்சி போட்டின் அடிவயிற்றில் டிரில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி! போட்டுல ஓட்டை போடுறீங்களா?"

"ஏற்கெனவே இருந்த ஓட்டதான் தம்பி. பெருசாக்குதேன். பின்ன, வாசல அடச்சுவச்சா விருந்தாளி எப்படி உள்ள வருவாவ?"

விடுதிக்காரர் என் கடையில் வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். இல்லை என்றேன். அன்றைக்கு நிஜமாகவே இல்லை.

அடுத்து சோதனை. எட்டு நாளைக்கு ஒரு முறை வரும் குழாய்த் தண்ணீரை டிரம்களில் பிடித்து, அதில் ஹோஸை விட்டு, சுவிட்சைப் போட்டார். டிரம்கள் மடக் மடக்கென்று வற்றின. பை நிமிர்ந்தது. அண்ணாச்சியின் மீசையும் நிமிர்ந்தது.

"இப்பம் சுவிட்ச மாத்திப் போட்டு வெளிய தள்ளிப் பாக்கணும். எல்லாரும் தள்ளி நில்லுங்க, சாக்கடைக்குப் போவும்."

யார் தள்ளி நிற்பார்கள்? தெருக்கோடி முத்துப்பேச்சி அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் தெருவே குடத்தோடு நின்றது.

"என்ன வே சொன்னீரு? நல்ல தண்ணியச் சாக்கடைக்கு விடுவீரோ? வெளங்குவீரா? சுவிட்சுல கை வச்சீருன்னா கைய ஒடிச்சுப்புடுவேன்."

"இல்ல மதினி, வெளிய போவுதான்னு ஒருக்கப் பாக்காண்டாமா..."

"ஆரு சொன்னா?" என்றாள் முத்துப்பேச்சி.

அவருடைய ஆயுதத்தை அவர் மேலேயே ஒருத்தி வீசியதைப் பார்த்து நான் கைதட்டிவிட்டேன். பிறகு என்ன, பையின் மூடியைத் திறந்து, டியூபைப் போட்டு, வாயால் உறிஞ்சி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடங்களில் பிடித்துக்கொண்டு போனார்கள். நானும் இரண்டு குடம் பிடித்தேன். பை காலியாகிவிட்டது. பம்பு மறுபக்கம் சுற்றுகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. அண்ணாச்சியும், "நல்ல தண்ணில்லா, அவ சொல்லுததும் நியாயந்தான்" என்று விட்டுவிட்டார்.

ஐப்பசியில் மழை அடித்து ஊற்றியது. பல வருஷமாக மாடு மேய்ந்த கண்மாய் கரை தொட நிரம்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போட் இறங்கியது. கரை முழுக்க ஜனம். கடம்பூர்ப் போளி விற்கிறவர்கூடத் தட்டோடு வந்துவிட்டார். மச்சினன் ஒரு பை கொண்டுவந்திருந்தார். உள்ளே தேய்த்து மடித்த காக்கிச் சட்டை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போட் நடுக்கண்மாய்க்குப் போனது. அண்ணாச்சி சுவிட்சைத் தட்டினார். நாங்கள் ஆளுக்கொரு போளி தின்று முடிப்பதற்குள் போட்டின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. விடுதியிலிருந்து வந்திருந்த போட் டிரைவர் வேகம் கொடுத்தார். பின்னால் தண்ணீர் மெல்ல மேடு கட்டி, வளைந்து, எழுந்து நின்றது. ஆமாம், எங்கள் கண்மாயில், ஆள் உயரத்துக்கு, அலை! விடுதிக்காரர் பலகையில் ஏறி, கயிற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, அலை மேல் நின்றபடியே கரையைப் பார்த்துக் கும்பிட்டார். ஆடுகள் கரையை விட்டு ஓடின. ஜனம் போட்ட கூச்சலில் நானும் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

இனி தண்ணீரை வெளியேற்ற வேண்டும். சுவிட்ச் மறுபக்கம் போனது. பம்பு உறுமியது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. கனத்த வயிற்றோடு கரைக்கு வரப் பார்த்த போட், பாதி வழியில் கரிசல் சகதியில் உட்கார்ந்துவிட்டது. கரிசல் பிடித்தால் விடுமா?

அண்ணாச்சி போட்டுக்குள் குனிந்து ஹோஸைத் தடவித் தடவிப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. ஒவ்வொரு ஹோஸிலும் ஒருவழி வால்வு. கை பழக்கத்தில் அவரே வைத்தது. ஏறிய தண்ணீர் இறங்க வழியே இல்லை.

மச்சினன் பையிலிருந்து சட்டையை எடுத்து உதறினார். "போதும் அத்தான். ஏறி வாங்க. டிராக்டர் வச்சு இழுத்துக்கிடலாம்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "யோவ், அந்தச் சட்டைய உள்ள வையும்! அவிய இன்னும் தோக்கல" என்று கத்தினேன். தினம் அவரோடு சண்டை போட்டவள் நான். எனக்கு மட்டுந்தான் அந்த உரிமை.

"டிராக்டரு வந்துச்சுன்னா நான் கண்மாய விட்டு ஏறமாட்டேன்" என்று அங்கிருந்து பதில் வந்தது. வெயிலில் ஒரு மணி நேரம், ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்றினார். வால்வுகளை ஒவ்வொன்றாக உருவிக் கரையைப் பார்த்து எறிந்தார். ஹோஸைச் சேர்த்து முடுக்கினார். சுவிட்சைத் தட்டினார். போட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. போட் மெல்ல நிமிர்ந்து, சகதியை விட்டு எழும்பி, தானாகவே கரைக்கு வந்தது.

ஜனம் அவரைத் தூக்க ஓடியது. "ஜெயிச்சிட்டீங்க அண்ணாச்சி!" என்று விடுதிக்காரர் கட்டிக்கொண்டார். அண்ணாச்சி விலக்கிவிட்டார்.

"இல்ல தம்பி. ஒரே தடவயிலன்னு சொன்னேன். ஒரே தடவயில போவல."

"அதெல்லாம் யாரு பாத்தா?" என்றேன்.

"நான் பாத்தேன்லா தாயி."

மச்சினன் கையிலிருந்த காக்கிச் சட்டையை வாங்கி, சகதி உடம்போடு மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்தார்.

மறுநாள் காலையில் பட்டறை மூடியிருந்தது. போர்டு கழற்றிச் சுவரோரம் சாத்தியிருந்தது. கேட்டைத் திறக்கவும் மூடவும் அந்த மனிதரை உட்கார வைத்துவிட்டார்களே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன். முத்துப்பேச்சி அக்கா மோட்டார் ஓடவில்லை என்று வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு, வாட்ச்மேன் வேலையைக் கண்டுபிடித்தவனைத் திட்டிக்கொண்டே திரும்பிப் போனாள்.

சாயங்காலம் பைக் சத்தம் கேட்டது. மச்சினன் ஓட்டிவந்தார், பின்னால் அண்ணாச்சி. காக்கிச் சட்டை முழுக்க கிரீஸ்.

"யக்கா, இவர நீங்களே வச்சுக்கிடுங்க" என்றார் மச்சினன், அழாத குறையாக. "காலையில கேட்ல உக்கார வச்சேன். மத்தியானம் போய்ப் பாத்தா, ஆபீஸ் போர் மோட்டார அக்குவேறா ஆணிவேறாக் கழட்டிப் போட்டுருக்காவ. தண்ணியில்லாம மெசினு நின்னு போச்சு, மொதலாளி என்னத் தொங்கவிடுதாரு."

"சத்தம் சரியில்ல மாப்ள. சொன்ன சொல்லுக்கு வந்து உக்காந்தேன்லா? அங்கன உக்காந்தா காது கேக்காம இருக்கணும்னு பேச்சு இல்லையே."

மச்சினனே ஸ்டூல் போட்டு ஏறிப் போர்டை மாட்டினார். பிறகு, கழற்றிப் போட்ட மோட்டாரைப் பூட்ட நாளைக்கு ஆபீஸுக்கு வருவீர்களா என்று பவ்யமாகக் கேட்டுவிட்டுப் போனார்.

நான் எதிர்க்கடையில் இரண்டு டீ சொன்னேன். அண்ணாச்சி ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி கம்மி தாயி. டீ சொல்லத் தெரியுதா ஒனக்கு?" என்றார்.

என் டீயை நீட்டினேன். "இதக் குடிங்க, இதுல சீனி இருக்கு. நாளைக்கும் வந்து குறை சொல்லுங்க" என்றேன்.