சென்னியம்மாள் கேட்ட தண்ணீர்

மகனிடமிருந்து போன் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. சந்தோஷ்குமார் எங்கே என்று சென்னியம்மாள் கேட்டபோது, அவள் கணவர் சுப்பையன் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்.

"ராஜஸ்தான் போயிருக்கறானாமா. நேவிக்கு அங்க போர்வெல் போடறாங்களாம். டவர் கெடைக்காது."

வேறு எதைச் சொல்வார்? ஆயுசில் பாதியைப் போர்வெல் போடும் ரிக் வண்டியில் கழித்த மனிதர். மகன் இருப்பதோ அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிப் போர்க்கப்பலில். மாதக்கணக்கில் மேலே வராமல் கடலுக்கடியிலேயே கிடக்கும். எங்கே என்று பெற்றவர்களுக்கும் சொல்லமாட்டார்கள். சென்னியம்மாளின் தம்பி மேட்டூர் அணையில் மூழ்கிப் போனவன். அன்றிலிருந்து அவள் கிணற்றைக்கூட எட்டிப் பார்த்ததில்லை. அதனால்தான் மகனுக்கு நேவியில் கரைமேல் ஆபீஸ் வேலை என்று சொல்லி வைத்திருந்தார்.

போர்வெல் என்றதுதான் வினையாயிற்று. ரிக் வண்டி வெளியூர் கிளம்பினால், அதில் போகிறவர்களின் வீட்டுப் பெண்கள் மாரியம்மனுக்குக் குடம் தண்ணீர் ஊற்றி வேண்டிக்கொள்வது வழக்கம். மறுநாளிலிருந்து தினமும் காலையில் சென்னியம்மாள் குடத்துடன் கோயிலில் நின்றாள். சுப்பையனும் கூடப் போனார்.

"ஆத்தா, எம்பையன் இருக்கற எடத்துல தண்ணி பீச்சிக்கிட்டு வரோணும்."

கப்பலுக்குள் தண்ணீர் பீச்சினால்? சுப்பையன் அந்த வேண்டுதலை எப்படியாவது நிறுத்த நினைத்தார்.

தண்ணீர் வந்துவிட்டதாம் என்று சொல்லிப் பார்த்தார். அப்படியானால் இன்னும் பெருகட்டும் என்று அவள் இரண்டு குடமாக ஊற்றினாள். இல்லை, பாறை தட்டுகிறதாம் என்று மாற்றினார். அந்தப் பாறை பிளந்து நாலு பக்கமும் பொத்துக்கொண்டு வரவேண்டும் என்று விழுந்து கும்பிட்டாள்.

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவள் தாங்கமாட்டாள். சொல்லாமல் விட்டு, அம்மன் காது கொடுத்துவிட்டால்? தான் சொன்ன பொய்யே பிள்ளையை மூழ்கடித்துவிடுமோ என்று பயந்து செத்துப் பிழைத்தார்.

கோயில் நடை சாத்தும் நேரத்தில் பூசாரி காளியப்பனிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

"அவ கேக்கறத ஆத்தாகிட்ட சேத்தாதீங்க சாமி. எம்பையன் கடலுக்குள்ள கெடக்கறானுங்க."

காளியப்பன் திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை.

"ஊட்டுக்குப் போங்கண்ணா. நீங்க செருப்புப் போட வெளிய போன பொறகு, அக்கா தெனமும் திரும்பி வந்து, 'ஆத்தா, அது எங்கூட்டுக்காரரு காதுல உழுவட்டும்னு சொன்னது, எம்பையன் கப்பலுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போவப்படாது'ன்னு வேண்டிக்கிட்டுத்தானுங்க போறாங்க."