மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஹாரன் அண்ணன் இந்த உலகத்தில் யாரை வேண்டுமானாலும் நம்பிவிடுவார். உதவிக்கு வருகிறவனை மட்டும் நம்பமாட்டார்.

ஓசூரில் நான் ஸ்டோர்ஸில் குப்பை கொட்டிய தொழிற்சாலையில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். திருப்பத்துக்குத் திருப்பம் ஹாரன். கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டோடு திரும்பும்போதுகூட வாயாலேயே ‘பீப் பீப்’ என்பார். ரசத்துக்கு நிற்கிறவர்கள் மரியாதையாக விலகிக்கொள்வார்கள்.

ஓய்வு பெற்றதும், கிருஷ்ணகிரிப் பக்கத்து ஏரி ஒன்றில் சுற்றுலா மோட்டார் படகு ஓட்டப் போனார். சேர்ந்த வாரமே படகுத்துறைப் பலகையில், தொழிற்சாலைத் தரையில் இருப்பதுபோல் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிட்டார். படகு கரை சேரும்போது அதைத் தாண்டி ஈ, காக்காய் நிற்கக் கூடாது. கயிறு வீசுவதும் கட்டுவதும் அவர் ஒருவரே. டிக்கெட் கொடுப்பவர் ஒத்தாசைக்கு வந்தால் ஹாரன் அடித்தே விரட்டுவார்.

போன ஆடியில் நானும் என் மனைவியும் அந்தக் கோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே படகில் ஏறினோம். பாதி ஏரியில் காற்று பிடித்துக்கொண்டது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தும் எனக்கு உயிர் கையில் இல்லை. நீச்சல் தெரியாது. மனைவிக்குத் தெரியும், அதனால் அவள் தண்ணீரைப் பார்க்காமல் என்னையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரைக்குத் திரும்பினால், துறையிலிருந்து காற்று எங்களை வெளியே தள்ளியது. பின்னால் கொஞ்ச தூரத்தில் பாறைகள். அண்ணன் துறையை நெருங்கி, கம்பத்தை நோக்கிக் கயிற்றை வீசினார். காற்று அதைத் தண்ணீரில் போட்டது.

இரண்டாவது முறை கம்பம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. டிக்கெட்காரர் பொறுக்க முடியாமல் கோட்டைத் தாண்டிக் கை நீட்டினார். நானும் எழுந்து, கம்பத்தைப் பிடிக்கக் கையை நீட்டினேன். உடனே அண்ணன் ரிவர்ஸ் போட்டார். படகு மறுபடியும் பாறைப் பக்கம் போனது.

“புடிச்சிருப்பேனே, ஏண்ணா விட்டீங்க?” என்றேன். அழுகை வந்துவிட்டது.

“கை படகுக்கும் கம்பத்துக்கும் நடுவுல இருந்துச்சு சார். மடியில வச்சிக்கிட்டு உக்காருங்க.”

பாறையில் அலை மோதும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. மனைவி என் காலரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் வீடு திரும்பப்போவதில்லை என்றே நினைத்தேன்.

மூன்றாவது முறை காற்றுக்கு எதிராகச் சாய்வாக வந்தார். படகின் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைச் சுருக்காகக் கம்பத்தில் போட்டார். என்ஜினை அணைக்காமல் மெல்ல முன்னால் செலுத்தினார். கயிறு இழுத்துப் பிடிக்க, படகு அப்படியே துறையோடு ஒட்டிக்கொண்டது. அப்புறம்தான் முன்கயிறும் பின்கயிறும் கட்டினார்.

எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. ஒரு கைக்காக மூன்று உயிரைப் பணயம் வைப்பீர்களா என்று கேட்டேவிட்டேன்.

அவர் முடிச்சை இறுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். நான் வேலைக்குச் சேருவதற்கு முந்தைய கதை. தொழிற்சாலையில் அவர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று வழி காட்டிய கூட்டாளி ஒருவர், சரக்கு சரிகிறதே என்று கையைக் கொடுத்திருக்கிறார்.

“நல்லதுக்குத்தான் சார் கை நீட்டுனான். மூணு விரல் போச்சு. வண்டிய நான்தான் ஓட்டுனேன்.”

நாங்கள் இறங்க அவரே கை கொடுத்தார். கரையேறிய பிறகும் அந்தக் கையை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.